மூட்டை மெஷின்

"ஏறுப்பா மெஷின்ல!"

அம்மா போட்ட அதட்டல்ல மகள் சலவைக் கூடத்து வாசல்லயே நின்னுட்டா. காலேஜ்ல படிக்கிறவ. கையில போஸ்டர்: 'பூமி சூடாகுது, உடம்பு என்னாகுது?' நாளன்னைக்குக் கூட்டம். கூப்பிட்ட டாக்டருங்க எல்லாரும் கைவிரிச்சுட்டதால, சிறப்புப் பேச்சாளர்ங்கிற இடம் மட்டும் காலி.

அம்மா அங்க சூப்பர்வைசர். அழுக்குத்துணி மூட்டையை நிறுக்கிற மெஷின் மேல, இஸ்திரிக்காரர் ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

அம்மா நோட்டைப் பார்த்தா. "காலையில அறுபத்திரெண்டு. இப்போ அறுபதே முக்கால். வெளிய போ."

"இன்னும் பத்து உருப்படிதான் பாக்கி, அக்கா..."

"மறுபடி அறுபத்திரெண்டு காட்டாம இஸ்திரிப் பெட்டியைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

மகளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"இது என்ன மாட்டுச் சந்தையா? மனுஷனை மூட்டை மாதிரி நிறுக்கிறே! இளைச்சா வேலை கிடையாதா?"

"வாய் கிழியப் பேச இது உன் காலேஜ் இல்லடி. தள்ளு. அடுத்து யாரு?"

"போட்டோ எடுத்துட்டேன். கூட்டத்துல காட்டி மானத்தை வாங்குறேன் பாரு!"

"தாராளமா வாங்கு. உனக்கு விளக்கம் சொல்லிட்டு நின்னா, நாலு பேர் மெஷின்ல ஏறாம உள்ள நழுவிடுவானுங்க."

மகள் விருட்டுனு இஸ்திரிக்காரர் பின்னாடியே போனா. பின்கட்டுல ஃபேனுக்கு அடியில, ஒரு பெரிய ஜக்கோட உட்கார்ந்திருந்தார் அவர்.

"பயப்படாதீங்கண்ணா. புகார் எழுதிக் குடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

"யார் மேல?" அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அரை நாள்ல ஒண்ணேகால் கிலோ குறைஞ்சா, போனது சதையா தங்கச்சி? தண்ணி! அத்தனையும் வேர்வை. உப்பு, சர்க்கரை போட்ட இந்தத் தண்ணியைக் குடிச்சு, எடை ஏறினாத்தான் அக்கா உள்ள விடும்."

மகள் ஜக்கையே பார்த்தா.

"போன கோடையில இங்க மூணு பேர் சுருண்டு விழுந்தாங்க. ஒருத்தனுக்குக் கிட்னியே போச்சு. தண்ணி குடின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் எவன் கேட்டான்? அப்புறம்தான் அக்கா மூட்டை மெஷினை வாசலுக்கு இழுத்துட்டு வந்துச்சு. வேலை கெடுதுன்னு முதலாளி குதிச்சார். 'அப்போ முதல்ல என்னை வேலையை விட்டு நிறுத்துங்க'ன்னுடுச்சு! இந்த வருஷ வெயில் அதுக்கும் மேல. ஆனா ஒரு ஆள் விழல."



மகள் போஸ்டரை விரிச்சா. பேனாவை எடுத்தா. சிறப்புப் பேச்சாளர்னு காலியா கிடந்த இடத்துல கொட்டை எழுத்துல எழுதினா:

'எங்க அம்மா.'