உப்பில் பதிந்த கால்

காணும் பொங்கலன்று ஆம்பூர் தோல் மண்டிக்கு விடுமுறை. பஞ்சாட்சரம் தன் மனைவி மீனாம்பாளை விடிகாலை ரயிலில் மதராசுக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்டினான். அவளோ அலையை விட்டுவிட்டுக் கடற்காகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் இடது காலை இழுத்து இழுத்து நடந்த ஒன்றுக்கு மடியிலிருந்த பொரி முழுவதையும் போட்டுவிட்டாள்.

“இன்னா, இந்தப் பறவயயும் ஊருக்குக் கூட்டினு போலாமா?” என்றான்.

அவள் பறவையிடமே சொன்னாள்: “வா கண்ணு. இவரு மண்டிலயும் உப்பு ஜாஸ்தியா கெடக்குது.”

இரவு வீடு திரும்பிக் கால் கழுவிப் படுத்தார்கள். காலையில் அவன் கிளம்பும்போது மீனாம்பாள் மறுபடி கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா இது, காலெல்லாம் உப்பு!”

“கடலு அவ்ளோ சீக்கிரம் வுடாது,” என்று சிரித்துக்கொண்டே போனான்.

மண்டியில் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பைத் தரையில் பரப்பி, பலகையால் சமமாகத் தேய்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். திருடன் புகுந்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். சாவி இரவெல்லாம் அவன் அரைஞாணில்தான் இருந்தது.

கதவைத் திறந்தான். உப்பின் நடுவில் ஒரு பறவை இடது காலை இழுத்துக்கொண்டு நடந்திருந்தது. பக்கத்திலேயே, அதன் நடைக்கு ஈடாக, ஒரு பெண்ணின் வெறுங்கால் தடம். மெட்டிகூடப் பதிந்திருந்தது.

மேஸ்திரி வருவதற்குள் பஞ்சாட்சரம் எல்லாவற்றையும் தேய்த்துச் சமமாக்கினான்.

சாயங்காலம் பூட்டுமுன் உப்போரத்தில் ஒரு பிடி பொரி வைத்தான். பிறகு, வழியில் கிடந்த தோல் சீவும் கத்தியை எடுத்து உயரத்தில் செருகினான். இருட்டில் அவள் காலில் பட்டுவிடக்கூடாது.