கையெழுத்துக்காரர்

"இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். பத்திரத்தை எடுங்க."

டீச்சர் இப்படிச் சொன்னதும் மரக் கம்பெனி ஏஜெண்டுக்குக் காபி புரையேறிவிட்டது.

ஒன்பது வருடமாக மாதம் தவறாமல் வருகிறவர். அவர் கேட்பதும், டீச்சர் 'முடியாது' என்பதும், காபி குடித்துவிட்டு அவர் கிளம்புவதும் வழக்கமாகிவிட்டது. டீச்சர் அவருக்கு வைத்திருந்த பெயரே 'கையெழுத்துக்காரர்'.

வீட்டின் கொல்லைப்புறத்தில் தொடங்கி மலை உச்சிவரை நூற்றிருபது ஏக்கர் மழைக்காடு. கோடரி படாதது. கல்யாணமான புதிதில் டீச்சரும் கணவரும் கையிலிருந்ததையெல்லாம் போட்டு வாங்கியது. வாங்கி, ஒரு குச்சியைக்கூட ஒடிக்காமல் அப்படியே விட்டார்கள். 'பைத்தியங்கள்' என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. கணவர் போய் இப்போது ஆறு வருடம்.

"என்ன டீச்சர், விளையாடறீங்களா?"

"விளையாடற வயசா இது? முட்டி ரெண்டும் போச்சு. வருஷா வருஷம் மழை விட்டதும் எல்லையை ஒரு சுத்து சுத்தி வருவேன். இந்தத் தடவை ஓடையைக்கூடத் தாண்ட முடியல. காவலுக்கு வர்றவன் அட்டைக்கடி தாங்காம ஒரே வாரத்துல ஓடிடறான். தங்கச்சி வேற வீட்டோட வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் அந்தப் பக்கம் போனா, கண்டவனும் புகுந்து வெட்டுவான். அதுக்கு நீங்களே தேவலை. பெரிய மரத்தையாவது விட்டு வைப்பீங்கல்ல?"

ஏஜெண்ட் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லையைப் பத்திக் கவலைப்படாதீங்க டீச்சர். வர்ற வழியில ஒரு சுத்து பார்த்துட்டுத்தான் வர்றேன். கிழக்கால ரெண்டு கல் சாஞ்சிருந்துச்சு, நிமிர்த்தி வெச்சேன்."

"வாங்கப்போற சரக்காச்சே, பத்திரமாத்தான் பார்த்துப்பீங்க!"

அவர் சிரித்து மழுப்பினார். "அந்த இருவாச்சிப் பறவை ஜோடி இந்த வருஷமும் கூடு வைக்க வந்திருக்கா?"

"வந்திருக்கும். போய்ப் பார்க்கத்தான் காலில்லை." டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டார். "முதல் தடவை வந்தப்போ அதுங்க கூடு இருக்கற மரத்தடிக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகமிருக்கா? பார்த்தா மனசு இளகும்னு நெனச்சேன். நீங்க ஒரு மணி நேரம் வாயே திறக்கல. அண்ணாந்து அண்ணாந்து பார்த்து எத்தனை டன் தேறும்னு கணக்குப் போட்டுட்டு வந்துட்டீங்க. சரி, போகட்டும். நீங்க ஜெயிச்சாச்சு. எடுங்க பத்திரத்தை."

ஏஜெண்ட் பையைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

"கொண்டு வரலையே டீச்சர்."

"அந்தப் பச்சை ஃபைல் தலையை நீட்டுதே?"

"அது... பழசு. தேதி தாண்டிடுச்சு. புதுசா டைப் அடிக்கணும். அடுத்த மாசம் கொண்டு வந்துடறேன்."

டீச்சருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் அழுது தீர்த்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்த முடிவு. நாளைக்கு இதே மனது இருக்குமா?

"ஒன்பது வருஷம் நடையா நடந்துட்டு, போடறேன்னு சொல்ற அன்னைக்குப் பத்திரம் இல்லையா? உங்களை எல்லாம் எப்படித்தான் வேலைக்கு வெச்சிருக்காங்களோ!"

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. முதலாளி. ஏஜெண்ட் கையைக் காட்டி டீச்சரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போனார்.

"ஆமா சார், அங்கேருந்துதான் பேசறேன்... எங்க சார், வாசப்படியே ஏற விடல. நாயை அவுத்துவிடுவேன்னு கத்தறாங்க... ஐயையோ, வேற ஆளை அனுப்பிடாதீங்க சார், காரியமே கெட்டுடும். முதல் நாள்லேருந்து சொல்றதுதான், இந்தம்மாவை என்னால மட்டும்தான் சமாளிக்க முடியும். அடுத்த மாசம் மறுபடி வந்து பார்க்கறேன் சார்."

நாய் வளர்த்தே அறியாத டீச்சருக்குக் கண்ணை நீர் மறைத்தது.