சிவப்பு நூல் போன வழி

சிவப்பு நூல் அவளுடைய பச்சைச் சீட்டின் மேல் வந்து நின்றது.

அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நஸ்ரின் நூலை விறைப்பாகப் பிடித்தபடி முதல் சீட்டிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். பிசகு ஏதும் இல்லை. குண்டூசியைக் குத்தினாள்.

வகுப்பறையின் பின்சுவர் முழுக்கக் காகிதச் சீட்டுகள். மென்பொருள் திட்டமிடல் பாடத்துக்கு ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தைச் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. ஒரு நாளுக்கு இரண்டு விரற்கடை நீளம். எது முடிந்தால் எது தொடங்குமோ, அதற்குப் பின்னால் அது.

அவள், நஸ்ரின், கபிலன், ஜெரால்டு என்ற இந்த நான்கு பேர் செய்யப்போவது கல்லூரிப் பேருந்துகளுக்கான செயலி. வண்டி இப்போது எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரத்தில் நிறுத்தத்துக்கு வரும் என்று அது சொல்லும்.

சீட்டுகளைக் குத்தி முடித்த பிறகு நூல். முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள்வரை, நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் ஒட்டி ஒட்டிப் போகும் சீட்டுகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் மேல் சிவப்பு நூலை ஓட்ட வேண்டும். அந்த வரிசையில் எது ஒரு நாள் பிந்தினாலும் எல்லாமே ஒரு நாள் பிந்தும்.

நூல் தன் வழியாகத்தான் போகும் என்று கபிலன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் மறுக்கவில்லை. வகுப்பில் அவனைப்போல நிரல் எழுத ஆள் கிடையாது. செயலியின் திரைகள் அத்தனையும் அவன் பொறுப்பு. சுவரிலேயே நீளமான சீட்டு அவனுடையது.

ஆனால் அது முடிந்த இடத்துக்குப் பின்னால் ஒரு முழத்துக்கு வெறும் சுவர்.

நூல் அந்தப் பக்கமே போகவில்லை.

பச்சைச் சீட்டுக்கு உரியவள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவள். தனக்கு நிரல் அவ்வளவாக வராது என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். வேலை பிரித்தபோது மீந்தது அவளுக்கு வந்தது. ஒவ்வொரு பேருந்திலும் ஏறிப் போய், எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வர வேண்டும்.

அது வராமல் ஜெரால்டு நேரக் கணக்கைத் தொடங்க முடியாது. நேரக் கணக்கு வராமல் நஸ்ரின் சோதித்துப் பார்க்க முடியாது. சோதிக்காமல் ஒப்படைக்க முடியாது.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. தனித்தனியாகத் தெரியும்.

சுவரை விட்டு விலகிப் பெஞ்சுகளுக்கு நடுவே போய் நின்று பார்த்தாள்.

கொடைக்கானல் பேருந்து ஒரு வளைவில் திரும்பும்போது, இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்றே தெரியாத ஏரி சட்டென்று முழுசாகத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. அத்தனை சீட்டுகளுக்கும் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கோடு.

அது அவள் வழியாகப் போனது.

"கபிலா, நீ ரெண்டு வாரம் இழுத்துப் போத்தித் தூங்குனாலும் ஒண்ணும் ஆகாதுடா" என்றான் ஜெரால்டு. பிறகு அவளைக் கைகாட்டினான். "பாலிடெக்னிக் ஒரு நாள் லீவு போட்டுச்சுன்னா மொத்தமும் காலி."

சிரித்தார்கள். கபிலனும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

அவள் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரின் மேல்விளிம்பில் தேதிகள். ஆயுதபூசை விடுமுறையைக் காட்ட ஜெரால்டு ஒரு பொரிப் பொட்டலம் வரைந்திருந்தான். அவளுடைய சீட்டு அந்தப் பொட்டலத்துக்குச் சற்று முன்னால் முடிந்தது.

அவள்தான் அப்படி வெட்டியிருந்தாள்.

திருப்பூரில் சித்தப்பா ஒரு பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார். விஜயதசமி அன்று வேலையில் சேர்ந்துகொள்ளலாம். அம்மா வற்புறுத்தவில்லை. யோசித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு என்றாள், அவ்வளவுதான். படிப்பை விட்டுவிடுவது என்று அவளே முடிவு செய்திருந்தாள். இங்கே யாருக்கும் தெரியாது. தன் வேலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், அதற்கப்புறம் தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

சீட்டு வெட்டும்போது பேருந்துகளை அவள் எண்ணவே இல்லை. பொட்டலம்வரை எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்தாள்.

மலைப்பாதை வண்டி மழை பெய்தால் ஒரு மாதிரி வரும், வெயில் அடித்தால் ஒரு மாதிரி வரும். சந்தை நாளில் ஒட்டன்சத்திரம் சாலையில் எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வராது. எல்லாவற்றிலும் ஏறிப் பார்க்க அந்தச் சீட்டு போதாது. வெட்டும்போதே தெரியும். மூலையில் கிடக்கும் சின்ன வேலை, யார் பார்க்கப் போகிறார்கள்.

இப்போது அதன் மேல் நூல் கிடந்தது.

"மேடம் வந்துருவாங்க. நூலைக் கடைசிவரைக்கும் ஓட்டிரவா?" என்றாள் நஸ்ரின்.

அவள் முன்னால் வந்தாள்.

"என் சீட்டு பத்தாது நஸ்ரின்."

குண்டூசியைப் பிடுங்கினாள். புதிய பச்சைத் தாளை மேசையில் விரித்து, விரலை வைத்து வைத்து அளந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வண்டியையும் நினைத்துக்கொண்டு அளந்தாள். கத்தரித்தாள்.

புதுச் சீட்டு பொரிப் பொட்டலத்துக்குக் கீழே புகுந்து மறுபுறம் நீண்டது.

ஜெரால்டு தலையில் கை வைத்தான். பிறகு தன் சீட்டைக் கழற்றினான். நஸ்ரின் தன்னுடையதைக் கழற்றினாள். கபிலனின் சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் அவன் எழுந்து வந்து, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கடைசிச் சீட்டைப் பிடித்தான்.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வலப்பக்கம் நகர்ந்தன. ஒப்படைக்கும் நாள் ஜன்னல் சட்டத்தில் இடிப்பதுபோல வந்து நின்றது. இடிக்கவில்லை.

அவள் தன் சீட்டின் மறுமுனையிலும் ஒரு குண்டூசியைக் குத்தினாள்.

"பேரு எழுதலையே நீ" என்று நஸ்ரின் பேனாவை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு சீட்டின் முன் ஒரு கணம் நின்றாள்.

பொட்டலத்தைத் தாண்டிய பக்கத்தில் எழுதினாள்.