பட்டாளக் காவல்

“‘காவல் நின்றார்’னு எழுதக் கூடாதுங்க அம்மிணி. ‘பட்டாளக் காவலில் இருந்தார்’. அப்படித்தான் எழுதோணும்” என்றார் செங்கோட்டையன்.

பெயின்டர் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி பஞ்சாயத்து மெம்பர் பின்சியைப் பார்த்தான்.

மலையாளக் கரையில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, கடலை முறைத்துக்கொண்டு நிற்கிறது அந்தப் பீரங்கி மேடை. ஜப்பான்காரன் கப்பல் வந்தால் சுடுவதற்காக வெள்ளைக்காரன் கட்டியது. போர்க்காலத்தில் அங்கே தங்கியிருந்தவர்கள் பெயரையெல்லாம் பஞ்சாயத்து இப்போது பலகையில் எழுதி வைக்கிறது. தன் அப்பாவைப் பெற்ற அப்பாரு நஞ்சப்பன் பெயர் ஏறுவதைப் பார்க்க, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேன் நிறையச் சொந்தபந்தத்தோடு வந்திருந்தார் செங்கோட்டையன். முக்கியமாக, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி நாச்சிமுத்துவை முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானே சாரே?” என்றாள் பின்சி. பாலக்காட்டில் படித்தவள், தமிழ் நன்றாகவே வந்தது.

“எப்படிங்க ஒண்ணாகும்? ‘நின்றார்’னா தென்னந்தோப்பு வாட்ச்மேன் மாதிரி இருக்குது. எங்கய்யன் சாகற வரைக்கும் தன்ற அப்பனைக் ‘காவல்ல இருந்தார்’னுதான் சொன்னாரு. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “ஏனுங்க சம்மந்தி, எங்க பெரியப்பாரு அவில்தாரு. பர்மாவுல குண்டடி பட்டவரு. உங்க அப்பாரு இங்க என்னத்தச் சுட்டாருங்க? சோளக்கருதா?”

“ஜப்பான்காரன் வந்தாத்தானுங்களே சுடறதுக்கு? இங்க யாரு இருக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு, வேண்டாம்னு திரும்பியிருப்பான்.”

வேன்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்கு முகம் சிறுத்தது.

“சரிங்க. உங்க அப்பாரு பேரு மெய்யாலுமே ஏறுச்சுன்னா, பேரன் காதுகுத்துப் பத்திரிகையில என்ற பேருக்கு மேல உங்க பேரைப் போடறேன்.”

செங்கோட்டையனின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. அந்த ஒரு வரிக்காகத்தானே இத்தனை ஏற்பாடும்.

“பேரு உறுதிதானே அம்மிணி?”

“உறுதி சாரே. கொழிஞ்சாம்பாறை நஞ்சப்பனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்ததே எங்க வல்லியப்பச்சன்தான், எங்க தாத்தா.”

“கேட்டுக்குங்க சம்மந்தி. சோறு இருந்த எடத்துக்கே வந்திருக்குது.”

பின்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செங்கோட்டையன் பெயின்டர் பக்கம் திரும்பிவிட்டார். “நீ எழுதப்பா. எழுத்து பெருசா இருக்கட்டும். ரோட்டுல போறவனுக்கும் தெரியோணும்.”

பெயின்டர் எழுதி முடித்தான். நாச்சிமுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வேறு வழியில்லாமல் தன் தோள் துண்டை எடுத்துச் சம்பந்திக்குப் போர்த்தினார். வேன் கூட்டம் கைதட்டி, செல்போனில் படம் பிடித்து, அப்போதே ஊருக்கெல்லாம் அனுப்பியது.

பின்சி அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரைக் கும்பிட்டாள்.

“உங்களுக்குப் பெரிய மனசு சாரே. வேற யாராயிருந்தாலும் மறைச்சிருப்பாங்க. உங்க குடும்ப மானத்தை நினைச்சுத்தான் நானே ‘காவல் நின்றார்’னு மாத்தி எழுதச் சொன்னேன். அரிசி கடத்திப் பிடிபட்டவங்களைப் பட்டாளம் பூட்டி வெச்சிருந்தது இந்த மேடைக்குக் கீழேதானே?”