நடுமரம்

கட்டினால்தான் அது கட்டுமரம். கரைக்கு வந்து கயிற்றை அவிழ்த்துப் போட்டால் மணலில் காயும் வெறும் மரங்கள். பேரே அதைத்தான் சொல்கிறது. ஓரத்து மரங்களைச் சிலுவைராசன் தன் கையால் செதுக்கியிருந்தான். நடுமரம் மட்டும் மிக்கேலுடையது. மிக்கேல், சிலுவைராசனின் மனைவி ரெஜினாளுக்கு முதல் புருசன். கடல் அவனை வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் கரையில் ஒதுக்கியது. தினமும் விடியலில், சிலுவைராசன் கட்டத் தொடங்கும் முன், ரெஜினாள் வந்து அந்த மரத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடுவாள். ஓரத்து மரங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். அவனுக்கு வயிறு எரியும். செத்தவனோடு எப்படி மல்லுக்கு நிற்பது? நேற்று அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், ஊறி இற்றுப் போகட்டும் என்று நடுமரத்தை அலைக்குள் தள்ளி ஆத்திரம் தீர மிதித்தான். அவள் வருவதற்குள் பழைய இடத்துக்கே இழுத்துவந்து காய்ந்த மணலைத் தூவிவிட்டான்.

இன்று கன்னத்தை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"இன்னைக்குக் கடலுக்குப் போவாதீய."

"ஏன், உன் மிக்கேலு சொன்னானாக்கும்?"

"தடிச்ச மரம், இதுதான் கடைசியா காயும். ஊறுன மரம் ஆளைத் தாங்காது. அவிய போன அன்னைக்கு நான் தொட்டுப் பாக்கல."

சிலுவைராசன் கயிற்றை எடுத்து, அந்த நனைந்த மரத்தையே நடுவில் வைத்துக் கட்டத் தொடங்கினான். ஒவ்வொரு முடிச்சையும் போட்டதும், அவள் தனக்காக அழுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.