முதல் லோடு

மாதக்கணக்கில் பழுதாகி வீட்டு வாசலில் நின்ற லாரியின் இன்ஜினில் கேம்ஷாஃப்டை டிரைவர் தானே மாற்றிக்கொண்டிருந்தான். ஒன்பது நாளாக அவன் மனைவிதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினாள். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள், “இன்னிக்கு முடிஞ்சிடுமா?” என்று தினமும் கேட்டாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

பத்தாம் நாள் இன்ஜின் சீராக ஓடியது.

“இனி நம்ம பொழப்பும் ஓடும்! முதல் லோடு என்ன ஏத்தலாம், நீயே சொல்லு.”

“என் பீரோவையும் தையல் மெஷினையும் ஏத்துங்க. எங்க அண்ணன் வீட்டுல இறக்கிடுங்க.”

“என்னது?”

“ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க கை நீட்டி அடிச்சப்பவே கிளம்பியிருப்பேன். அப்ப லாரி படுத்துக் கிடந்துச்சு. கஷ்டத்துல புருஷனைக் கைவிட்டவள்னு நாலு பேரு பேசுவாங்க. இப்ப உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லையே?”