ஊதுங்க

“ஊதுங்க.”

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் என் மனைவி சோபாவில் சாய்ந்தபடியே முகத்தை நீட்டிவிட்டாள்.

தினமும் நடக்கிற கூத்துதான். வேலை விட்டு வந்ததும் அவள் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். மோந்து பார்த்து அவள் பாஸ் போட்டால்தான் எனக்குச் சோறு தண்ணி.

நுரையீரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, சிகிச்சையே வேண்டாம் என்று அடம்பிடித்தாள். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டாள். நான் சிகரெட்டை விட்டால் அவள் ஊசி போட்டுக்கொள்வாள். நான் பற்ற வைத்த அன்றைக்கு நிறுத்திவிடுவாள்.

சொன்னால் செய்கிறவள். அழுத்தக்காரி. வாழ்நாளில் ஒரு இழுப்பு இழுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இழுத்ததெல்லாம் நான்.

விட்டேன். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோம்பு, கிராம்பு என்று கண்டதையும் மென்று தாடை கழன்று விழாத குறை.

மற்ற நேரம் எப்படியோ ஓட்டிவிடுவேன். பட்டறையில், லேத்தில் நீளமான கம்பி கடையும்போதுதான் உயிர் போகும். மெஷினைத் தட்டிவிட்டால் டூல் தானாக நகரும், நமக்குச் சும்மா நிற்கிற வேலை. காலகாலமாக அது சிகரெட்டுக்கான நேரம். கை தன்னால் சட்டைப் பையைத் தடவும்.

இன்றைக்குப் பக்கத்து மெஷின்காரன் பாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான், படுபாவி.

ஒன்றே ஒன்றுதான். அதுவும் முழுசாக இல்லை.

அப்புறம் சோப்பு போட்டு விரலைத் தேய்த்தேன். பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். வாய் நாறியது, சட்டை நாறியது. வசமாக மாட்டப்போகிறேன். இவள் அடுத்த ஊசிக்கு வர மாட்டாள். அரை சிகரெட்டுக்கு இவளைக் கொன்றுவிட்டேன்.

குனிந்து, பட்டும் படாமலும் ஊதினேன்.

“இதென்ன கொசு ஓட்டறீங்களா? நல்லா ஊதுங்க!”

ஊதினேன். கண்ணை மூடி ஆழமாக இழுத்தாள். இருமினாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி பாஸ் என்றாள். பால் வைத்திருப்பதாகவும், காபி போட்டுக் குடிக்கும்படியும் சொன்னாள்.

அப்போதுதான் தீய்ந்த நாற்றம் குப்பென்று ஏறியது. பயத்தில் இவ்வளவு நேரம் எனக்கு உறைக்கவே இல்லை. ஓடினேன். பால் சுண்டிப்போய், பாத்திரம் கரியாகி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையலறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நாலடியில் அடுப்பு.

“பால் பொங்கிடுச்சாங்க?” என்றாள் அங்கிருந்தே.

அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்தே மோப்பம் போயிருக்கும். எனக்காகத்தான் இத்தனை நாளும் மோந்து பார்க்கிற மாதிரி நடித்திருக்கிறாள்.

இப்போதுதான் சூடாகிறது என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

மனுஷனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து கதறியிருப்பான்.

எனக்கு முதலில் வந்தது, நாளைக்கும் ஒன்று பிடிக்கலாம் என்கிற நினைப்பு.